வெள்ளம், மண்சரிவு நேரத்துல கோயிலும் சேர்ச்சும் பள்ளிவாசலும் பௌத்த பன்சலையும் சேந்து நிவாரண வேலை பாக்கிறது எப்படி

ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சா போதும், நம்ம இலங்கை மலையகப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே மெசேஜ் தான் சுத்தும், "அவசரம், சாமான் தேவை, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க". எந்த தோட்டம், எந்த டிவிஷன், எத்தன பேரு, யார்கிட்ட குடுக்கணும், ஒண்ணும் இருக்காது. அடுத்த நாள் பாத்தா மெயின் ரோட்டு ஓரத்து முகாமுக்கு வேன் மேல வேனா சோத்து பார்சல் வந்து எறங்கி, பாதி கெட்டுப்போயி குப்பைக்கு போகும், அதுக்கு மேல மூணு மைல்ல ரோடு ஒடஞ்சு மாட்டிக்கிட்ட லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஒரு பிஸ்கட் பெக்கட் கூட போயிருக்காது. 2025 நவம்பர் கடைசியில டித்வா சூறாவளி வந்தப்ப கண்டி, நுவரெலியா, பதுளைன்னு எல்லாப் பக்கமும் இந்தக் கூத்து நடந்துச்சு. குடுக்க மனசு இல்லாம இல்ல, நம்ம ஆளுக கையில இருக்கிறதயும் குடுப்பாங்க. சேக்கிறது லேசு, பிரிக்கிறது தான் வேலை, அந்தப் பிரிக்கிற வேலைக்கு ஒரே லிஸ்ட், ஒரே கொப்பி வேணும். கோயில் ஒரு லிஸ்ட், சேர்ச் ஒரு லிஸ்ட், பள்ளி (பள்ளிவாசல்) ஒரு லிஸ்ட், சங்கத்துக்காரங்க ஒரு லிஸ்ட்னு வச்சா ஒரே குடும்பத்துக்கு நாலு பார்சல் போகும், நாலு குடும்பத்துக்கு ஒண்ணும் போகாது.

மழைக்கு முன்னாடியே பேசி வைக்க வேண்டியது

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இதுக்குன்னு புதுசா ஒரு அமைப்பு, ஒரு பேரு, லோகோ, பேனர், தலைவர் செயலாளர் பொருளாளர் எல்லாம் வேணாம். தலைவர் யாருங்கிறதுல சண்டை வந்து அந்த வருஷ மழை முடிஞ்சிரும். ஏற்கனவே தோட்டத்துல கோயில் கமிட்டி இருக்கு, மரண உதவி சங்கம் இருக்கு, டவுன்ல பள்ளி நிர்வாக சபை இருக்கு, சேர்ச் பங்குல இளைஞர் குழு இருக்கு, பன்சலையில தாயக சபைன்னு ஆதரவாளர் சபை இருக்கு. ஒவ்வொண்ணுல இருந்தும் ஃபோன் எடுக்கிற ஆள் ஒருத்தர், அவர் ஊர்ல இல்லாட்டி இன்னொருத்தர், அவ்வளவு தான். பேசுறதுக்கு ஸ்கூல்லயோ வாசிகசாலையிலயோ கூடுங்க, முதல் கூட்டத்த யாரு எடத்துலயும் வைக்காதீங்க, அப்பறம் அது "அவங்க வேலை" ஆயிரும்.

அடுத்தது யாருக்கு எது நல்லா வரும்னு பாத்து அந்த வேலைய அவங்ககிட்டயே விடணும். தோட்டத்து மாரியம்மன் கோயில்னா ஒவ்வொரு டிவிஷன்லயும் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு, திருவிழா சந்தா லிஸ்ட் இருக்கிறதால எந்த லயக் காம்பராவுல (அறையில) யாரு இருக்காங்கன்னு அந்த கமிட்டிக்கு அத்துப்படி. அதனால ஆள் கணக்கும் அறிவிப்பும் கோயிலோட வேலை. டவுன் பள்ளிக்காரங்ககிட்ட கடைக்காரங்க இருக்காங்க, லொறி வச்சிருக்கிறவங்க இருக்காங்க, ஹோல்சேல் விலைக்கு மூட்டை எடுக்கத் தெரியும், வெள்ளிக்கிழமை ஜும்மாவுல சொன்னா அன்னைக்கே காசு சேரும், கந்தூரிக்கு ஆக்குற பெரிய சட்டியும் இருக்கு. வாங்குறதும் லொறியும் அவங்ககிட்ட. சேர்ச்ல ஹோல் இருக்கும், டாய்லெட் இருக்கும், சிஸ்டர்மார் இருப்பாங்க, கத்தோலிக்க பங்குன்னா கண்டி மறைமாவட்டத்துக்கு செட்டிக், நாடு முழுக்க காரிட்டாஸ் செடெக்னு சேர்ச்சோட சமூக சேவை அமைப்புத் தொடர்பு இருக்கு, கணக்கு எழுதி ரிப்போர்ட் அனுப்புற பழக்கமும் அவங்களுக்கு உண்டு. அதனால ஸ்டோரும் கணக்கும் அங்க. பன்சலைய சில பேர் விட்டுருவாங்க, அது பெரிய தப்பு. பக்கத்து சிங்கள கிராமத்துக்கும் அதே மழை தான், வெசாக் பொசன் பண்டிகைக்கு தன்சல்னு இலவச சாப்பாடு போட்டு ஆயிரக்கணக்குல சமைச்ச கை அவங்களுது, ஹாமதுரு (பௌத்த பிக்கு) ஒரு ஃபோன் எடுத்தா டிஎஸ் ஆபீஸ் (பிரதேச செயலகம்), பொலிஸ், ஆமி எல்லாம் உடனே பேசும். நாம அதே ஆபீஸ்ல ரெண்டு மணித்தியாலம் பெஞ்சுல உக்காந்திருப்போம். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அந்தக் கதவ அவர் தொறக்கட்டும்.

இன்னொண்ணு, மழை எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல அடிக்கிறதில்ல. மே மாசத்துல இருந்து தென்மேல் பருவ மழை கினிகத்தேன, நோர்வூட், மஸ்கெலியா, நாவலப்பிட்டி பக்கத்த போட்டு அடிக்கும். டிசம்பர்ல இருந்து வடகீழ் மழை பதுளை, பசறை, லுணுகல, வலப்பனை பக்கம் எறங்கும். நடுவுல ஒக்டோபர் நவம்பர் எல்லாருக்கும் ஆபத்து தான், 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்த மீரியபெத்தயில மலை எறங்குனது அந்த நேரத்துல தான். அதனால ஹட்டன் பக்கத்து கோயிலும் சேர்ச்சும் பதுளைப் பக்கத்துல ஒரு கோயில், ஒரு சேர்ச், ஒரு பள்ளியோட சோடி சேந்து வச்சுக்கலாம். நீங்க நனைஞ்சு கெடக்கும்போது அவங்க காஞ்ச ஊர்ல இருந்து மூட்டை கட்டி அனுப்புவாங்க, அவங்களுக்கு வந்தா நீங்க. டித்வா மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே அடியா வாங்குற நேரத்துக்கு கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புன்னு இன்னும் தள்ளி ஒரு சோடி இருந்தா நல்லது.

எழுதி கையெழுத்து வாங்க வேண்டியது ஒரே ஒரு பக்கம் தான். தேவை பாத்து குடுப்போம், சாமி பாத்து குடுக்க மாட்டோம். பார்சலுக்குள்ள துண்டுப்பிரசுரம், சாமி படம், கட்சிக் கொடி, வேட்பாளர் போட்டோ எதுவும் வராது. சாமான் குடுக்கிற எடத்துல ஜெபக்கூட்டமோ பிரசங்கமோ கிடையாது. இத பேச சங்கடமா இருக்கும்னு விட்டுறாதீங்க. "மதம் மாத்த வந்திருக்காங்க"ன்னு ஒரு பேச்சு கெளம்புனா தோட்டத்துக்குள்ள அதுக்கப்பறம் ஒருத்தரும் உங்க லொறிய உள்ள விட மாட்டாங்க, நல்ல மனசோட வந்த பாஸ்டரும் அதுல அடிபடுவாரு. முன்னாடியே எழுதி எல்லாரும் கையெழுத்து வச்சா யாரும் யாரையும் சந்தேகப்பட தேவையில்ல.

அரசாங்கத்து ஆளுகள எங்க சேக்கிறது

ஜிஎஸ்ஸுக்கு (கிராம சேவகருக்கு) சொல்லாம ஒரு லொறியும் கொண்டுபோகாதீங்க. ஜிஎஸ் லிஸ்ட் தான் பிரதேச செயலகத்துக்கு போகும், பின்னாடி அரசாங்க நட்டஈடு, வீடு எல்லாம் அந்த லிஸ்ட வச்சு தான் வரும். நம்ம லிஸ்ட்டும் அவர் லிஸ்ட்டும் ஒத்துப்போகுதான்னு பாத்து விட்ட பேர சேக்க வைக்கிறது பத்து மூட்டை அரிசிய விட பெரிய உதவி. தோட்டத்துக்குள்ளன்னா தொரைக்கும் (தோட்ட மேனேஜருக்கும்) தலைவர்மாருக்கும் தகவல் போகணும், பிள்ளைக் காம்பராவோ (பிள்ளை பாக்கிற எடமோ) கிளப்போ ஸ்டோரோ தொறக்கணும்னா சாவி அவங்ககிட்ட. சமைச்ச சாப்பாடு போடுறதா இருந்தா பிஎச்ஐ (பொது சுகாதாரப் பரிசோதகர்), கர்ப்பிணி, கைக்குழந்தைன்னா மிட்வைஃப் மிஸ்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்து நம்பர் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இத கோயில் மணி பக்கத்துலயும் சேர்ச் போர்டுலயும் பெருசா எழுதி ஒட்டுங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூணு கட்டமா எச்சரிக்கை குடுக்கும். 24 மணித்தியாலத்துல மழை 75 மில்லிமீட்டர் தாண்டுனா கவனமா இருங்க, 100 தாண்டுனா கெளம்ப தயாரா இருங்க, 150 தாண்டுனா, இல்ல ஒரு மணித்தியாலத்துலயே 75 பெஞ்சா, உடனே வெளியேறணும். நெறைய எஸ்டேட் ஆபீஸ்ல மழை அளக்கிற கருவி இருக்கும், கொழுந்துக் கணக்கோட மழைக் கணக்கும் எழுதுவாங்க. அந்த கிளாக்கர்கிட்ட பேசி வச்சு, கணக்கு ஏறும்போது கோயில் ஸ்பீக்கர்லயும் பள்ளி ஸ்பீக்கர்லயும் சொல்ல ஏற்பாடு பண்ணுங்க, தமிழ்லயும் சிங்களத்துலயும். சிங்களத்துல மட்டும் வந்த மெசேஜ் நம்ம பாட்டிமாருக்கு என்ன பிரயோசனம், அத மொழிபெயர்த்து ஸ்பீக்கர்ல போட ஒரு பிள்ளைய இப்பவே பாத்து வைங்க. கரண்ட் போனா ஸ்பீக்கரும் போயிரும், அதுனால பெட்டரியில ஓடுற ஒண்ணு, அதுவும் இல்லாட்டி மணி, தப்பு மேளம். எத்தன அடிச்சா என்ன அர்த்தம்னு தோட்டத்துக்கே தெரிஞ்சிருக்கணும்.

லிஸ்ட் எடுக்கிற முறை

மொத்த வேலையும் இங்க தான் நிக்குது, அதனால இதுல கொஞ்சம் கூட நேரம் எடுங்க. லயத்துல காம்பரா கணக்குப் பாத்து குடுத்தா கண்டிப்பா பத்தாது. ஒரு காம்பராவுல அம்மா அப்பா, கல்யாணம் முடிச்ச மகன் குடும்பம், வாழாம வந்த மக அவ பிள்ளைங்கன்னு மூணு அடுப்பு இருக்கும். கதவு ஒண்ணு, எஸ்டேட் ஆபீஸ் விலாசம் ஒண்ணு, குடும்பம் மூணு.

"அக்கா, இந்த வீட்டுல எத்தன பேரு?"
"எட்டு பேரு தம்பி."
"ஒண்ணா தான் ஆக்குறீங்களா?"
"இல்லயே, தம்பி குடும்பம் இஸ்தோப்புல (முன் விறாந்தையில) தனியா ஆக்குறாங்க. அம்மா எங்களோட தான்."
"அம்மாவுக்கு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?"
"சீனிக்கும் பிரஷருக்கும். கிளினிக் கொப்பி தண்ணியில போயிருச்சு."

இந்த மூணு கேள்வியில குடும்பம் ரெண்டு, ஆள் எட்டு, மருந்து தேவை ஒண்ணு, கிளினிக் கொப்பி இல்லாத ஆள் ஒண்ணு எல்லாம் வந்துருச்சு. இப்படி கேக்க தெரிஞ்ச ஆள லிஸ்ட்டுக்கு போடுங்க. பொம்பளைங்ககிட்ட நெப்கின், உள்ளாடை, கர்ப்பம் பத்தியெல்லாம் கேக்க பொம்பளப் பிள்ளைங்க தான் போகணும், பொடியனுக போய் நின்னா ஒருத்தியும் வாய் தொறக்க மாட்டா.

கொப்பியில கோடு போட்டு லயத்து பேரு, குடும்பத் தலைவர் பேரு, ஆள் எத்தன, அதுல அஞ்சு வயசுக்கு கீழ எத்தன, வயசானவங்க, நடக்க முடியாதவங்க, மருந்து, இப்ப இருக்கிற எடம்னு எழுதுங்க. மதம்னு ஒரு கோடு போடாதீங்க, தேவையே இல்ல. சாப்பாட்டுக்கு மட்டும் "மரக்கறி", "ஹலால்"னு ஒரு குறிப்பு போதும். சொந்தக்காரங்க வீட்டுக்கு போய் தங்கியிருக்கிறவங்கள மறந்துறாதீங்க, முகாம்ல இல்லாததால அவங்க பேரு எதுலயும் வராது, ஆனா அந்த சொந்தக்கார வீட்டுல இப்ப பத்து பேருக்கு பதிலா இருபது பேரு சாப்புடுறாங்க. இந்த லிஸ்ட்ட அப்படியே போட்டோ புடிச்சு குரூப்ல போடவும் கூடாது. ஐடி நம்பரும் தனியா இருக்கிற பொம்பளைங்க பேரும் அதுல இருக்கு.

ஃபோன் சிக்னல் இருக்கும்னு நம்பாதீங்க. டித்வா நேரம் டவர் போயி ஊர் ஊரா பேச்சே இல்லாம கெடந்துச்சு. எல்லாம் கடதாசியில, பொலித்தீன் உறைக்குள்ள, ரெண்டு பிரதி. ஒண்ணு தோட்டத்துல, ஒண்ணு ஸ்டோர்ல.

என்ன கேக்கிறது, என்ன வேணாம்னு சொல்றது

கேக்கிற மெசேஜ்ல அளவும் நாளும் முடிவும் இருக்கணும். இப்படி எழுதலாம்:

"புதன் காலை நிலவரம். மேல் டிவிஷன், 46 குடும்பம், 171 பேர், தோட்ட ஸ்கூல்ல இருக்காங்க. தேவை: கம்பளி 90, பாய் 90, கோதுமை மா 200 கிலோ, நெப்கின் 60 பெக்கட். அரிசி போதும், அனுப்ப வேணாம். பழைய உடுப்பு வேணாம். டவுன் சேர்ச் ஹோல்ல காலை 8ல இருந்து பின்னேரம் 4 வரைக்கும் எடுப்போம். இந்த மெசேஜ் வியாழன் மத்தியானத்தோட செல்லாது."

கடைசி வரி ரொம்ப முக்கியம், இல்லாட்டி மூணு மாசம் கழிச்சும் அந்த மெசேஜ் சுத்திக்கிட்டு தான் இருக்கும், வெளிநாட்டுல இருந்து ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும்.

பழைய உடுப்ப பத்தி சொல்லியே ஆகணும். மூட்டைய பிரிச்சா கிழிஞ்ச சாரி, கல்யாண வீட்டு சேர்ட், ஹை ஹீல்ஸ், ஒத்தக்கால் சொக்ஸ். அத பிரிக்க அஞ்சு ஆள் ஒரு நாள் பூரா உக்காரணும். எடுக்கிறதா இருந்தா ஸ்வெட்டர், பிள்ளைங்களோட குளிர் உடுப்பு, துவைச்சு சைஸ் எழுதி கட்டுனது மட்டும். உள்ளாடை புதுசு தான். நுவரெலியா, ராகலை பக்கத்துல ராத்திரி குளிர் தெரியும்ல, சீமெந்து தரையில பாய் கூட இல்லாம படுத்தா முதல்ல பிள்ளைக்கும் கிழவிக்கும் தான் நெஞ்சு சளி புடிக்கும், அதனால கம்பளியும் பாயும் சோத்துக்கு சமம்.

பால்மா பெக்கட்டுல கவனம். பெரியவங்க தேத்தண்ணிக்கு போடுற பால்மா வேற, கைக்குழந்தை பால்மா வேற. கைக்குழந்தை மாவ பொதுவா சேக்காதீங்க, பொதுவா பிரிச்சு குடுக்காதீங்க, தாய்ப்பால் குடுக்கிற அம்மா அத நிறுத்திட்டு ஊத்தத் தண்ணியில மா கரைச்சு குடுத்தா வயித்தால போயி பிள்ளை உயிருக்கே ஆபத்து. தாய் இல்லாத பிள்ளை, பால் குடுக்க முடியாத தாய்னு இருந்தா மிட்வைஃப் மிஸ் சொல்ற அளவுக்கு மட்டும் தனியா எடுத்து குடுக்கலாம். மருந்தும் அப்படித்தான், யாரோ வீட்டுல மிச்சம் இருந்த குளிசைய பேக்ல போட்டு அனுப்புவாங்க, வாங்காதீங்க, மருந்து எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீஸ் வழியா.

போத்தல் தண்ணி முதல் நாளுக்கு சரி, அதுக்கப்பறம் லொறியில தண்ணி ஏத்துறது வீண் செலவு. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு குடிக்க, சமைக்க, கழுவ எல்லாத்துக்கும் சேத்து 15 லீட்டர்னு ஒரு சர்வதேச அளவு இருக்கு, 171 பேருக்கு பாத்தா 2500 லீட்டருக்கு மேல வருது, அத போத்தல்ல குடுக்க முடியுமா. டேங்க், பவுசர், பிஎச்ஐ குடுக்கிற குளோரின், மூடி உள்ள வாளி, இத கேளுங்க.

உலர் உணவு பார்சல் நாலு பேருக்கு ஒரு வாரத்துக்குன்னா அரிசி ஏழு கிலோ, கோதுமை மா நாலு அஞ்சு கிலோ, பருப்பு ஒண்ணரை, சீனி ஒண்ணரை, தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல், உப்பு, மிளகாய்த்தூள், சோயாமீட், கருவாடு இல்லாட்டி டின் மீன், சவுக்காரம். கொழும்பு ஆளுக மாவ விட்டுட்டு அரிசிய மட்டும் கூட்டி அனுப்புவாங்க, நம்ம ஆளுகளுக்கு காலையில ரொட்டி இல்லாம வேலையே ஓடாது. தேயிலையும் போடுங்க, தேயிலை மலையில இருக்கிறவங்களுக்கு தேயிலையான்னு சிரிக்காதீங்க, தோட்டத்துல மாசாமாசம் குடுத்த தூள் வீட்டோட போயிருச்சு. ஆனா முதல்ல கேளுங்க, அடுப்பு இருக்கா, வெறகு காஞ்சிருக்கா, சட்டி இருக்கான்னு. எல்லாம் நனைஞ்சு கெடக்கிற எடத்துக்கு பச்சரிசி மூட்டைய எறக்கிட்டு வந்தா அத வச்சு என்ன பண்ணுவாங்க. முதல் மூணு நாலு நாள் சமைச்ச சாப்பாடு, பாண், பிஸ்கட், பழம், அதுக்கப்பறம் தான் பார்சல்.

வெளிநாட்டு சொந்தங்க கன்டெய்னர் அனுப்பட்டுமான்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க. அது ஹாபர்ல கிளியர் ஆகி வர்றதுக்குள்ள இங்க தேவை மாறிரும். காசா அனுப்புனா கம்பளைக் கடையிலயோ பண்டாரவளைக் கடையிலயோ அன்னைக்கே வாங்கலாம், வெள்ளத்துல அடிபட்ட நம்ம கடைக்காரனுக்கும் ரெண்டு காசு போகும்.

ஸ்டோர்

ஸ்டோர் ஒண்ணு தான், ஆனா டின் மீனும் கருவாடும் முட்டையும் கோயில் மண்டபத்துல வைக்க முடியாது, அத சேர்ச் ஹோல்லயோ பள்ளிக்கு பக்கத்து கடையிலயோ வைங்க. பள்ளிக்குள்ள எத வைக்கலாம் எத வைக்கக்கூடாதுன்னு மவ்லவிகிட்ட முன்னாடியே கேட்டுருங்க. எடம் எதா இருந்தாலும் மேல மண்ணு சரியாத எடமான்னு முதல்ல பாக்கணும், பழைய கோயில் நெறைய ஆத்தோரத்துலயும் ஊத்துப் பக்கத்துலயும் தான் கட்டியிருக்காங்க.

தரையில பலகை போட்டு மூட்டை அடுக்குங்க, செவத்தோட ஒட்ட வைக்காதீங்க, ஈரம் ஏறும், எலி போகும். ஒரே கொப்பி. இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது, நேரம், கொண்டுவந்தவர் பேரு, எடுத்தவர் கையெழுத்து. பூட்டு ரெண்டு, சாவி ரெண்டு, ஒவ்வொண்ணும் வேற வேற எடத்து ஆள்கிட்ட, ரெண்டு பேரும் இல்லாம கதவு தொறக்காது. சாயந்தரம் எண்ணிப் பாத்து கணக்க ஒரு தாள்ல எழுதி ஹோல் கதவுல ஒட்டிருங்க, யாரு வேணும்னாலும் படிக்கட்டும். "சேர்ச்சுக்காரங்க நல்லத எடுத்துட்டாங்க", "பள்ளியில பதுக்கிட்டாங்க"ன்னு வர்ற பேச்சுக்கு மருந்து இது ஒண்ணு தான்.

50 கிலோ மூட்டைய அப்படியே அனுப்பாதீங்க. ரோடு ஒடஞ்ச எடத்துல இருந்து குறுக்குப் பாதையில தோள்ல தான் போகணும், மழைச் சேத்துல ஒரு ஆள் பத்து கிலோ பதினஞ்சு கிலோ தூக்குனா போதும். அதனால ஸ்டோர்லயே பிரிச்சு பொலித்தீன் உறையில கட்டி, அத கொழுந்து சாக்குல போட்டு அனுப்புங்க.

தொண்டர்கள்

ஆள் வந்து குவியும், முதல் நாள் அறுபது, நாலாம் நாள் ஆறு. அதனால வந்த எல்லாரையும் முதல் நாளே ஓட விடாதீங்க. பேரு, ஃபோன், என்ன வேலை தெரியும், எந்த நாள் வர முடியும்னு எழுதி ஷிப்ட் போடுங்க. மூட்டை தூக்குற பொடியனுக எப்பவும் கிடைப்பாங்க, கொப்பி எழுத ஆள், சிங்களம் எழுதத் தெரிஞ்ச ஆள், நர்ஸ் வேலை தெரிஞ்ச ஆள், எந்தக் குறுக்குப் பாதை எங்க போகும்னு தெரிஞ்ச தோட்டத்து ஆள், இவங்கள தான் தேடணும். அறநெறிப் பாடசாலை, சண்டே ஸ்கூல், முஸ்லிம் பிள்ளைங்களோட அஹதியா, பௌத்த தஹம் பாசல் டீச்சர்மார வச்சு முகாம் பிள்ளைங்களுக்கு ஒரு மூலையில விளையாட்டும் பாட்டும் நடத்துனா தாய்மாருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனா பிள்ளைங்களோட எந்த தொண்டரும் தனியா இருக்கக்கூடாது, எப்பவும் ரெண்டு பேரு, அதுவும் எல்லாருக்கும் தெரியிற எடத்துல. சாமியாரா இருந்தாலும் ஃபாதரா இருந்தாலும் இதுல விதிவிலக்கு கிடையாது.

மலை ஏறுற குழுவுக்கு சில விஷயம் கண்டிப்பா சொல்லணும். நிலத்துல புதுசா வெடிப்பு, மரமும் போஸ்டும் சாஞ்சு நிக்கிறது, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி வர்றது, இல்ல திடீர்னு நின்னு போறது, இதுல ஒண்ண பாத்தாலும் சாமான போட்டுட்டு திரும்பி வரணும். பின்னேரம் மூணு மணிக்கு மேல புது எடத்துக்கு ஏறக்கூடாது, மூடுபனி எறங்குனா பாதையே தெரியாது. வெள்ளத் தண்ணியில எறங்கி வேலை செய்றவங்க எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டி எடுக்கிற குளிசைய பத்தி பிஎச்ஐகிட்ட கேக்கணும், காலுல புண் இருக்கிறவன எறக்கவே கூடாது. பாட்டா செருப்போட வந்து நிக்கிற தம்பிமார பார்சல் கட்ட உக்கார வைங்க. செல்ஃபி எடுக்க வந்தவங்கள எங்க உக்கார வைக்கிறதுன்னு தான் இன்னும் தெரியல.

குசினி

கார்த்திகை மார்கழியில தான் பாதி வெள்ளம் வருது, அதே நேரம் தான் நம்ம தோட்டத்துல ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பாங்க, கார்த்திகை விரதம் இருக்கும். அதனால பொதுக் குசினியில மரக்கறி சமையல் தான் வசதி. சோறு, பருப்பு, ஒரு கறி, ஒரு சம்பல். மாலை போட்டவரும் சாப்புடுவாரு, ஹாமதுருவும் சாப்புடுவாரு, ஹலால் பிரச்சினையும் இல்ல, ஃப்ரிஜ் இல்லாட்டியும் மீன் இறைச்சி மாதிரி சீக்கிரம் கெடாது. மீன் இறைச்சி ஆக்கணும்னா தனிச் சட்டி, தனிக் கரண்டி, இறைச்சி பள்ளி வழியா வரட்டும். நோன்பு மாசத்துல வெள்ளம் வந்தா சஹருக்கு யாரு ஆக்குறதுன்னும் பேசி வைங்க.

சமைச்சு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கைக்கு போகணும். காலையில கட்டுன லஞ்ச் சீட் பார்சல் லொறிக்குள்ள புழுங்கி மத்தியானம் மூணு மணிக்கு போனா அத தின்னுட்டு முகாமே கக்கூசுக்கு வரிசையில நிக்கும். எந்த வேளைக்கு எந்த எடம் ஆக்கும்னு ஒரு அட்டவணை, காலை கோயில், மத்தியானம் பள்ளி, ராத்திரி பன்சலை மாதிரி. முகாம்ல இருக்கிற அக்காமாரையும் குசினியில சேருங்க. சும்மா உக்காந்து கை நீட்டுறது அவங்களுக்கு தான் ரொம்ப கஷ்டம், வருஷம் பூரா கொழுந்து எடுத்து ஒழைச்ச கை.

குடுக்கிற நாள்

முதல் நாளே லயத்து லயமா டோக்கன் குடுத்துட்டா தள்ளுமுள்ளு இருக்காது. வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, நடக்க முடியாதவங்க முதல்ல, இல்லாட்டி அவங்க வீட்டுக்கே கொண்டு போங்க. பேரக் கூப்பிட்டு கையெழுத்தோ ரேகையோ வாங்கி குடுங்க. ஒரே லயத்துல எல்லாருக்கும் ஒரே அளவு பார்சல், "எனக்கு தெரிஞ்ச ஆள்"னு ஒரு டின் கூட வச்சா அது பத்து நிமிஷத்துல தோட்டம் பூரா தெரிஞ்சிரும். முகம் தெரியிற போட்டோ வேணாம். நன்கொடை குடுத்தவர் போட்டோ கேட்டா அடுக்கி வச்ச மூட்டையையும் கையெழுத்து கொப்பியையும் புடிச்சு அனுப்புங்க, நிஜமா குடுத்தவருக்கு அது போதும்.

அரசியல்வாதி வந்து நானும் குடுக்கிறேன்னு நிப்பாரு. சண்டை போடாதீங்க, "ஐயா, லிஸ்ட் பிரகாரம் தான் சேர் போகுது, நீங்களும் ஒரு கை குடுங்க"ன்னு சொல்லி ரெண்டு பார்சல குடுக்க விட்டுட்டு வேலைய பாருங்க.

காசு

சொந்த எக்கவுண்ட் நம்பர குரூப்ல போடக்கூடாது. ஏற்கனவே கணக்கு காட்டுற ஒரு எடத்து எக்கவுண்ட், அதுல எடுக்க ரெண்டு கையெழுத்து, ரெண்டும் ரெண்டு மதத்து ஆள். உண்டியல் காசு, ஜும்மா காசு, காணிக்கை எல்லாத்துக்கும் ரிசீட். சகாத் காசுக்கு யாருக்கு போகலாம்னு அவங்க மார்க்கத்துல முறை இருக்கு, அத பொதுக் காசோட கலக்காம பள்ளி நிர்வாகம் சொல்றபடி தனியா வைங்க.

ரெண்டாவது வாரத்துக்கு அப்பறம்

லொறி நின்னுரும். மீரியபெத்தயில மலை எறங்குன முதல் வாரம் கொஸ்லந்த ரோட்டுல சாமான் வண்டி நிக்க எடம் இல்ல, ஆனா அந்தக் குடும்பங்கள்ல பலது அதுக்கப்பறம் ரொம்ப நாள் மாக்கல்தெனிய தேயிலை ஃபேக்டரிக்குள்ள தடுப்பு கட்டி வாழ்ந்தாங்க. அதனால வந்ததுல ஒரு பங்க பின்னாடிக்குன்னு ஒதுக்குங்க, காசாவே ஒதுக்குனா இன்னும் நல்லது.

இந்த நேரத்துல தேவை வேற. ஐடி, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பேங்க் புத்தகம் தொலைஞ்சவங்களுக்கு ஃபோர்ம் நிரப்ப, டிஎஸ் ஆபீஸ் கூட்டிட்டுப் போக சிங்களம் தெரிஞ்ச ஒருத்தர். பிள்ளைங்களுக்கு யூனிஃபோம், சப்பாத்து, கொப்பி. வீடு கழுவ மண்வெட்டி, தள்ளுவண்டி, பிளீச்சிங் பவுடர். வீட்டுக்கு திரும்பிப் போகலாமா வேணாமான்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுக வந்து பாத்து சொல்ற வரைக்கும், "மழை விட்டுருச்சு, வீட்டுக்கு போங்க"ன்னு கோயில் கமிட்டியோ ஃபாதரோ சொல்லக்கூடாது. முகாம் நடக்கிறது ஸ்கூல்லன்னா ஸ்கூல் தொறக்கிற நாளுக்கு முன்னாடி எங்க மாத்துறதுன்னு அதிபரோட பேசி வைங்க, சேர்ச் ஹோலும் பள்ளி மத்ரஸா கட்டடமும் அப்ப தான் நெஜமா தேவைப்படும்.

மிஞ்சுன சாமான யாரும் வீட்டுக்கு எடுத்துட்டு போகாம, திகதி பாத்து, கெடாதத சோடி ஊருக்கு அனுப்புங்க, மீதிய ஜிஎஸ் முன்னாடி கொப்பியில எழுதி முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகள் இல்லத்துக்கோ குடுத்து கையெழுத்து வாங்குங்க. சட்டி, டேங்க், டோர்ச், கயிறு, தார்ப்பாய் இதெல்லாம் துடைச்சு கணக்கெழுதி ஸ்டோர்லயே பூட்டி வைங்க, ஏப்ரல் மாசத்துலயும் செப்டெம்பர் மாசத்துலயும் ஒரு தடவ தொறந்து பெட்டரி இருக்கான்னு பாருங்க, அப்பவே ஃபோன் நம்பர் லிஸ்ட்டயும் ஒரு சுத்து அடிச்சுப் பாத்து மாறுனவங்க நம்பர திருத்திருங்க.